நின்றுகொண்டே வந்தவள்

விழுப்புரத்திலிருந்து காலையில் மெட்ராஸ் பக்கம் போகிற பாசஞ்சரில், பெண்கள் பெட்டிக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. சீசன் டிக்கெட்காரிகள் எல்லாரும் வேலை பார்க்கிற இடத்தின் பெயரால்தான். எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் டெலிபோன். வங்கியில் இருந்தவள் பேங்க். திண்டிவனத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த என்னை ஜுவாலஜி என்று கௌரவமாகக் கூப்பிட்டிருக்கலாம். எங்கே! 'தவளை' என்றார்கள். என் மேல் ஃபார்மலின் வாடை அடிக்கிறது என்று சொல்லி ஜன்னலோரத்தை எனக்கே விட்டுவிடுவார்கள், அந்த மட்டில் லாபம். அதே காலேஜில் இயற்பியல் பாடம் எடுத்தவள் பிசிக்ஸ். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளுடைய நிஜப் பெயரைச் சொன்னால் அந்தப் பெட்டியில் வந்த ஒருத்திக்கும் ஆள் அடையாளம் தெரியாது.

பிசிக்ஸ் உட்கார மாட்டாள். பெட்டி காலியாகக் கிடந்தாலும் சரி. முண்டியம்பாக்கம் வரைக்கும் இந்தக் கதவு, விக்கிரவாண்டி வரைக்கும் அந்தக் கதவு. பெட்டிக்குள்ளேயே அவள் நடந்த தூரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ரயிலே இல்லாமல் திண்டிவனம் போயிருக்கலாம். "உக்காருடி, பாக்குற எனக்குக் கால் வலிக்குது" என்பேன். "இதோ எறங்கப் போறோமே" என்பாள். ஏறின நிமிஷத்திலேயே இறங்கப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

வேலையும் அவளுக்கு அப்படித்தான். பழகின முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னாள். "இந்தக் காலேஜ் எனக்கு நடுவுல ஒரு ஸ்டேஷன். அடுத்த ஜூன்ல மெட்ராஸ்ல ஆராய்ச்சிக்குச் சேரப் போறேன். ப்ரொஃபசர் எப்ப வேணும்னாலும் வாம்மான்னு சொல்லிட்டாரு. ஹாஸ்டல்ல மாடி ரூமு. ஜன்னலத் தொறந்தா மொட்டை மாடி, ராத்திரி பாயைத் தூக்கிக்கினு போனா வானம். ரூம்ல ஒரு ஆணி அடிச்சு என் சல்வேட்டைக் கூட மாட்டிட்டு வந்துட்டேன், வேற யாரும் புடிச்சுக்கக் கூடாதுன்னு." துண்டுக்கு அவள் வீட்டில் சல்வேட் என்பார்கள் போலிருக்கிறது. துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடவில்லை என்று எனக்கு ஒரே சிரிப்பு.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. எது முன்னைவிட மெதுவானாலும் அவளுக்குப் பொறுக்காது. கேண்டீனில் டீ வருவது, போஸ்ட்மேன் வருவது, நான் பதில் சொல்வது, எதுவானாலும். "நேத்து நான் சொன்னதும் சிரிச்ச. இன்னிக்கு யோசிச்சிட்டுச் சிரிக்கிற. இன்னா ஆச்சு உனக்கு?" என்று மடக்குவாள். "ஒண்ணும் ஆவலடி, உன் ஜோக்கு மட்டமா இருந்திச்சு" என்பேன். நம்ப மாட்டாள். மயிலம் தாண்டுகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சரியான பேஜாரு.

ஒருதரம் பேங்க் இரண்டு நாள் சேர்ந்தாற்போல ரயிலுக்கு வரவில்லை. "அதுக்கு முன்னாடியே அவ பேச்சு கொறஞ்சிக்கினே வந்திச்சு, கவனிச்சியா?" என்றாள் பிசிக்ஸ். நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கினதும் வீட்டுக்குப் போகவிடாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேங்க் வீட்டுக்குப் போய் அந்தக் கதவை இடித்தாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. பேங்க் இரண்டு கையிலும் எண்ணெய் வழிய வந்து திறந்தாள். பண்ருட்டியிலிருந்து அண்ணன் குடும்பம் பலாப்பழத்தோடு வந்திருக்கிறது, லீவு போட்டுவிட்டு அறுத்துக்கொண்டிருக்கிறாள். "எழவு வீட்டுக்கு வந்தவளுங்க மாதிரி எதுக்குடி மூஞ்சை வச்சிக்கினு நிக்கிறீங்க?" என்றாள். எனக்கு மானம் போயிற்று. பிசிக்ஸ் கொஞ்சங்கூட அசரவில்லை. நின்றுகொண்டே சுளை சுளையாகச் சாப்பிட்டாள். வெளியே வந்ததும், "நான் நெனச்சது தப்பாப் போச்சு. நல்லதாப் போச்சு" என்று வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

வால் நட்சத்திரம் வருகிறது என்று ஊரெல்லாம் பேசின வருஷம் அது. காலேஜ் அறிவியல் மன்றத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள் என்று பிரின்சிபால் இவளைக் கேட்டுக்கொண்டார். இவள் கருந்துளை பற்றித்தான் பேசுவேன் என்று நின்றாள். பேசுவதற்கு முதல் நாள் எங்கள் தலையில்தான் ஒத்திகை.

"கருங்குழி ஸ்டேஷனா? மதுராந்தகம் தாண்டி வருமே" என்றாள் பேங்க். பெட்டியே சிரித்தது. பிசிக்ஸ் சிரிக்கவில்லை. பூக்காரம்மாவின் கூடைக்குள் கையை விட்டு மல்லிகைச் சரத்தை எடுத்தாள். அந்தப் பூக்காரம்மா கண்டமங்கலம் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து எங்களோடு ரயிலேறுவாள். பூப்பந்தில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சுற்று நெருக்கமாக இருக்கும். உள்ளே போகப்போக இந்தப் பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் நார்தான் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த திருட்டுத்தனம்தான், தினமும் சண்டை போட்டுக்கொண்டே வாங்குவோம்.

"இந்தப் பக்கம் பூ நெருக்கமா இருக்கு, பாருங்க" என்று பிசிக்ஸ் விரலை வைத்தாள். "ஒருத்தி கையில வெளக்கோட அந்தக் கருந்துளையைப் பாத்து விழுந்துக்கினு இருக்கா. அவ கணக்குல நொடிக்கு ஒருவாட்டி, நூல் பிடிச்ச மாதிரி வெளக்கைக் காட்டுறா. ஆனா ரொம்பத் தூரத்துல நிக்கிற நமக்கு அந்த வெளிச்சம் இப்படித்தான் வரும்." விரல் சரத்தின் மறுமுனைக்குப் போயிற்று. பூ, நார். பூ, நார், நார்.

"ஏன், அவளுக்குக் கை வலி வந்துடுச்சா?" என்றாள் டெலிபோன்.

"அவ ஒழுங்காத்தான் காட்டுறா. அந்த இழுப்புலேர்ந்து ஏறி வர்றது வெளிச்சத்துக்குக் கஷ்டம். வெளிச்சத்தால வேகத்தை விட முடியாது, அதனால தெம்பை விடுது. நீலமாக் கெளம்பினது மஞ்சளா வரும். மஞ்சளாக் கெளம்பினது செவப்பா வரும். அப்புறம் செவப்புக்கும் கீழ போயிடும், கண்ணுக்கே தெரியாது."

"அப்புறம் உள்ள விழுந்துடுவாளா?"

"அவ விழுந்துடுவா. நாம பாக்கவே மாட்டோம். நம்ம கண்ணுக்கு அவ அந்த விளிம்புலயே நிக்கிற மாதிரி இருக்கும். மங்கிக்கினே நிப்பா."

"ஐயோ, அவளுக்கு எப்படி இருக்கும்!"

"ஒண்ணும் இருக்காது. விழறவளுக்குத் தன் கனமே தெரியாது, சொகமா இருக்கும். துளை மட்டும் பெரிசா இருந்தா, விளிம்பைத் தாண்டறதுகூடத் தெரியாது. இங்கதான் விளிம்புன்னு அங்க ஒரு போர்டும் கெடையாது."

பூக்காரம்மா சரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னாம்மா, என் பூவைப் போயி ஓட்டை ஒடசல்னுக்கினு! வேணும்னா ரெண்டு பூ சேத்துக் கட்டித் தர்றேன். மானத்தை வாங்காதீங்க."

மறுநாள் மன்றத்தில் தமிழ்த் துறைக்காரர் ஒருவர் எழுந்து, ரயில் தூரமாகப் போகும்போது கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு தெரிகிறதே, அதைப் போலவா என்று கேட்டார். "சார், அது கெளம்பும்போதே செவப்பு" என்றாள். பையன்கள் விசிலடித்தார்கள். பிரின்சிபால் விடவில்லை. "விழுந்ததை யாரும் பார்க்கவே முடியாதுன்னா, விழுந்தாச்சுன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"பாத்துட்டுச் சொல்லலாம்னு காத்துக்கினு இருந்தா என்னிக்கும் சொல்ல முடியாது சார். நெறம் மாறும்போதே சொல்லிடணும்."

சாயங்கால ரயிலில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை, இரண்டு கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். "அடுத்த ஜூன்ல போறேன் பாரு, ப்ரொஃபசர்கிட்ட இதையெல்லாம் கேக்கணும்" என்றாள். ஒரு ஜூன் அதற்குள் வந்து போயிருந்தது. தம்பி படிப்பு, அப்பாவின் கண் ஆபரேஷன் என்று அவளுக்கும் ஏதோ இருந்தது.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கண்டமங்கலம் ரோட்டில், பூக்காரம்மாவின் அதே கிராமம். கரும்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, சொந்தக் கிணறு. வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டார்கள், இதில் ஒரு பொய்யும் கிடையாது. முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்புவதற்குள் மாமியார் எழுந்து சோறு கட்டி வைப்பார். பொங்கலுக்கு முன்னால் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு வாரம் லீவு சொன்னேன். இடுப்பு சரியாகும்போது கரும்பு வெட்டு வந்தது, ஆட்களுக்கு ஆக்கிப் போட வேண்டும். அப்புறம் காலேஜுக்கே கோடை லீவு. அப்புறம் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள். சம்பளமில்லாத லீவுக்கு மறுபடி எழுதிப் போட்டேன். யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. "பொறுமையாப் போயேன், வேலை எங்க ஓடிடப் போவுது" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. பஸ்ஸைத் துரத்த வேண்டாம், ஃபார்மலின் நாற்றம் வேண்டாம். அவ்வளவு பிரியமாக இருந்தார்களே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பெட்டிக்கும் எனக்கும் பூக்காரம்மாதான் தபால். முதலில் தினமும் அவளிடம் சேதி சொல்லி அனுப்புவேன். பேங்க் தீபாவளிக்கு எடுத்த புடவையை மாட்டுக்குப் போர்த்தச் சொல்லு, டெலிபோனுக்குப் புளிப்பு மாங்காய் கொடுத்தனுப்புகிறேன், அவளுக்கு இரட்டைப் பிள்ளைதான் என்று தவளை சாஸ்திரம் பார்த்துச் சொல்லிவிட்டது. பூக்காரம்மா அதையெல்லாம் என்னைப் போலவே கையை ஆட்டிச் சொல்வாளாம், பெட்டி உருளுமாம். அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அப்புறம் அவளாக வீட்டுப் பக்கம் வந்து, "இன்னாம்மா சொல்லட்டும்?" என்று கேட்டால்தான். "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்பேன். பிசிக்ஸ் அவளிடம் நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று ஒருநாள் விடாமல் கேட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

கார்த்திகை மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள். களத்தில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டுப் பக்கமிருந்து ஒருத்தி சேறெல்லாம் தாண்டித் தாண்டி வந்தாள். காலேஜ் நாளில், பட்டப்பகலில், பிசிக்ஸ்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருக்கு இன்னாடி?" என்றேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"இதைத்தான் நேத்தும் சொல்லி அனுப்பின. போன மாசமும் இதேதான். ஒரு எழுத்துக்கூட மாறல."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நல்லா இருக்கிறவ வேற இன்னா சொல்லுவா? பேங்க் வீட்டுக் கதவை இடிச்ச மாதிரி இங்கயும் வந்துட்டியா? பலாப்பழம் இல்ல, மல்லாட்டைதான் இருக்கு. உக்காரு."

அவள் உட்காரவில்லை. மாமியார் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "பிரின்சிபால் நீ வருவியான்னு கேக்குறாரு. பொங்கலுக்குள்ள வந்து சேரலைன்னா உன் எடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்புறம் கெடையாது."

"போடட்டுமே" என்றேன். வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நல்ல விதமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சே அலுப்பாக இருந்தது, பழைய சிநேகிதி வந்திருக்கிறாள், நாலு கதை பேசலாம் என்று தோன்றியது. "அதை வுடு. டெலிபோன் எப்படி இருக்கா? இன்னும் எலுமிச்சங்காயை மோந்துக்கினேதான் வர்றாளா? வாந்தி நின்னிச்சா?"

பிசிக்ஸ் மோரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அவளுக்குப் பொண்ணு பொறந்திச்சுடி. கொழந்தை குப்புற விழ ஆரம்பிச்சிடுச்சு. அவ லீவு முடிஞ்சு வேலைக்கே வந்துட்டா. பொறந்த அன்னிக்கே பூக்காரம்மாகிட்ட நான் சொல்லி அனுப்பினேனே."

ஆமாம், அனுப்பியிருந்தாள். பூக்காரம்மா வந்து சொன்னாள். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு ஏதோ வேலையாக இருந்துவிட்டேன். அந்தக் குழந்தை பிறந்து, முகம் பார்த்துச் சிரித்து, குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. நான் இங்கே மனசுக்குள் இன்னும் அதன் அம்மாவுக்கு மாங்காய் பறித்துக்கொண்டிருக்கிறேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். கிணற்றுக்குள் இருந்துகொண்டு கிணற்றை அப்போதுதான் பார்த்த மாதிரி. அழுதுவிட்டேன்.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாத்துக்கு இப்ப அழுவுற? போவணும்னா போயேன். நான் இன்னா உன்னைக் கட்டியா போட்டு வச்சிருக்கேன்?" என்றார்.

நியாயம்தான். கட்டிப் போட்டிருந்தால் அறுத்துக்கொண்டாவது ஓடியிருப்பேன்.

"நாளைக்கு ரயில்ல பாக்குறேன்" என்றாள் பிசிக்ஸ். மோரைக் குடிக்காமலே ரோட்டுக்கு ஓடினாள், பஸ் வருகிற சத்தம் கேட்டுவிட்டது.

ராத்திரி வீட்டுக்காரரிடம் நாளைக்கு வேலைக்குப் போகிறேன் என்றேன். "சரி, உன் இஷ்டம்" என்றார். காலையில் மாமியார் சோறு கட்டித் தந்தார், கொஞ்சம் ணங்கென்று வைத்தார், அவ்வளவுதான்.

பெட்டியில் ஏறினதும் ஒரே கூச்சல். பேங்க் என்னைக் கட்டிக்கொண்டாள். டெலிபோன் குழந்தையின் போட்டோவை என் மூக்குக்கு நேராக நீட்டினாள், நல்ல மொட்டை, அப்படியே அவள் ஜாடை. எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். பூக்காரம்மா அன்றைக்கு அளக்காமலே ஒரு சரத்தை என் மடியில் போட்டாள். "ஜல்தி வச்சிக்கோம்மா, தவளையம்மா இல்லாத பொட்டியில யாவாரமே சரியில்ல."

பிசிக்ஸ் கதவோரத்தில் நின்றுகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பார்க்கப் பெருமையாக இருந்தது. விக்கிரவாண்டி தாண்டினதும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், "நீ எப்ப மெட்ராஸ் போற?"

"அடுத்த ஜூன்ல."

சட்டென்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் என் காதில் விழுந்திருக்காது. ஒரு வருஷம் கேட்காமல் இருந்த காதல்லவா, உறுத்திற்று. முன்னெல்லாம் ப்ரொஃபசர், வானம் என்று அளப்பாளே, மேற்கொண்டு ஏதாவது வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"அந்த மாடி ரூமு இன்னாடி ஆச்சு?"

"எந்த மாடி ரூமு?" என்றாள்.

பெட்டிக்குள் யாரும் எதையும் கவனிக்கவில்லை, பேங்க் யாரோடோ முருங்கைக்காய் விலை பேசிக்கொண்டிருந்தாள். நான் பிசிக்ஸையே பார்த்தேன். "ஜன்னலத் தொறந்தா மொட்டை மாடி. ஆணியில உன் சல்வேட்டு" என்றேன். மடியில் கிடந்த சரத்தின் மறுமுனையை, நார் தெரிகிற முனையை, எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். பூவையும் நாரையும் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் என் எதிர் சீட்டில் உட்கார்ந்தாள்.

பேங்க் பேச்சை நிறுத்திவிட்டாள். டெலிபோன் என் தொடையைக் கிள்ளினாள். பேரணி வந்தது, மயிலம் வந்தது. அவள் எழுந்து கதவு பக்கம் போகவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

திண்டிவனத்தில் வண்டி நின்றதும் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் எழவில்லை.

"நீ எறங்கு" என்றாள்.

"ஏய், மாத்துத் துணிகூட இல்லடி உங்கிட்ட. காலேஜ் இன்னா ஆவறது? வீட்டுல?"

"எறங்குடி, வண்டி எடுத்துடுவான்."

இறங்கினேன். வண்டி மெட்ராஸ் பக்கம் கிளம்பிற்று. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. ரொம்பப் பயந்துபோய் இருந்தாள். எனக்குக் கையாட்டக்கூட இல்லை, கையில் பூச்சரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி வளைவில் போய் மறைகிற வரைக்கும் நான் நின்றேன். அப்புறம் காலேஜுக்கு நடந்தேன், நடந்தேன் என்ன, ஓடினேன்.

பிரின்சிபால் நான் வேலையில் திரும்பச் சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னாங்களே, அவங்க எங்க?"

"அவங்க இன்னிக்கு வரமாட்டாங்க சார்."

"நாளைக்கு?"

"தெரியல சார்."

அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? எப்பதான் வருவாங்க?"

தெரியல சார் என்று மறுபடியும் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.